சாலைக் குழியில் சிதைந்த சக்கரம்: மாற்றுவதும் ஈடு கேட்பதும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால், "குழியில் விட்டுட்டேன், ரிம் போச்சு" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும். கேட்டவர்கள், "நம்ம நேரம்" என்று சொல்லி விடுவார்கள். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 வேலை நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. டயருக்கும் ரிம்முக்குமாக 400 வெள்ளி செலவானால், அது ஆறு நாள் உழைப்பு. ஆறு நாள் வியர்வையை நேரத்தின் மேல் பழிபோட்டு விட்டுவிடலாமா? இதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், குழி எப்படி உண்டாகிறது? தார்ச்சாலையில் முதலில் மெல்லிய வெடிப்பு விழுகிறது. மழைநீர் அதன் வழியே இறங்கி, அடியிலுள்ள கல்லையும் மண்ணையும் இளக்குகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் மண் லோரிகளும் மேலே ஓட ஓட, பிடிமானம் இழந்த தார் பெயர்ந்து விடுகிறது. அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்து நின்றால், ஓட்டுபவர் கண்ணுக்கு அது சமதரை போலவே தோன்றும்.

சக்கரம் குழிக்குள் இறங்கி, எதிர்க்கரையில் மோதுகிறது. அப்போது டயர், ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் நசுங்குகிறது. ரிம் வளைகிறது, டயரின் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுகின்றன. காற்றுக் குறைந்த டயருக்குச் சேதம் இன்னும் அதிகம். குழியைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் குழிக்குள் இறங்கும் நொடியில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வண்டியின் பாரமெல்லாம் முன் சக்கரத்தின் மேல் சாய்ந்து, அடி பலமாக விழும்.

சக்கரம் சிதைந்துவிட்டால், வண்டியைச் சாலையோரத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வையுங்கள். பிள்ளைகளை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு கைபிரேக்கை இழுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். அதன் பின்னரே ஜேக்கை வைத்துத் தூக்க வேண்டும். மாற்றுச் சக்கரத்தை மாட்டியதும், நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்குங்கள். சற்றுத் தூரம் ஓடியபின் மறுபடியும் முடுக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் சிறிய அளவினதாக இருந்தால், பெரும்பாலும் அதில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும்.

டயரின் பக்கத்தில் கொப்புளம் போல் வீங்கியிருந்தால், உள்ளிழை அறுந்துவிட்டது என்று பொருள். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இரும்பு ரிம் சற்று வளைந்திருந்தால் தட்டி நேராக்கலாம். ஆனால் அலுமினிய ரிம்மில் வெடிப்பு விட்டிருந்தால், பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து.

புதிதாக வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். டயரில் 175/65 ஆர் 14 என்றிருந்தால், 175 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 விழுக்காடு உயரம், 14 அங்குல ரிம் என்று அர்த்தம். டயரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரிம் வாங்கும்போது விட்டத்தோடு, நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்த வேண்டும். மாற்றிய பின் பாலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இனி, ஈடு கேட்பதற்கு வருவோம். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது பழமொழி. சான்று இல்லாத கோரிக்கையும் அப்படித்தான். சாலை ஆபத்தில்லாமல் இருந்தால், அங்கேயே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். குழியை அருகிலிருந்து ஒன்று. அது சாலையில் எங்கே இருக்கிறது என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. சிதைந்த சக்கரத்தையும் வண்டி எண்ணையும் சேர்த்து ஒன்று. குழியின் அளவு தெரிய, பக்கத்தில் ஒரு காலணியை வைத்துப் படம் எடுக்கலாம். நாள், நேரம், கிலோமீட்டர் கல்லின் எண், எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பனவற்றை எழுதிக் கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்து, அதன் நகலை வாங்கி வையுங்கள். கடை ரசீதையும் பழைய ரிம்மையும் எறிந்து விடாதீர்கள்.

யாரிடம் கேட்பது? சாலை யாருடையதோ அவரிடம். சாலை எண் வெறும் இலக்கமாக இருந்தால் அது கூட்டரசுச் சாலை. முன்னால் மாநிலத்துக்குரிய எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்கிற்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இவ்விரண்டுக்கும் அந்த வட்டாரத்தின் பொதுப்பணித் துறை அலுவலகத்தை அணுகலாம். பட்டணத்துத் தெருக்கள் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. டோல் கட்டும் நெடுஞ்சாலையாயின் அதை நடத்தும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் சாலை தோட்ட நிர்வாகத்துடையது. அங்கே தொழிற்சங்கத் தலைவர் வழியாகப் பேசுவது பலன் தரும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. எங்கே, எப்போது, என்ன நடந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு கேட்கிறோம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். மலாய் மொழியில் எழுதுங்கள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையே அழகாக எழுதித் தரும். நகல்களை மட்டும் இணைத்து, அசலை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். கடிதத்தைப் பெற்றுக் கொண்டதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழி இருந்தது என்பதால் மட்டும் பணம் கிடைத்துவிடாது. சாலையைப் பராமரிக்கும் கடமை உள்ளவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டும். அந்தக் குழியைப் பற்றி முன்பே புகார் போயிருந்தால், பல நாள் மூடப்படாமல் கிடந்திருந்தால், நம் பக்கம் வலுவாகும். நாம் வேகமாக ஓட்டியிருந்தாலோ, தேய்ந்த டயரில் ஓடியிருந்தாலோ, நம் பங்குக்கு ஏற்ப ஈடு குறையும்.

மறுத்துவிட்டால், சேதம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதபோது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. அரசாங்கத்தின் மீதும் ஊராட்சி மன்றங்களின் மீதும் 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். காலம் கடந்தால் நியாயம் இருந்தும் கதவு மூடிவிடும்.

காப்புறுதியில் கேட்கலாமே என்று சிலர் எண்ணலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி நம் வண்டிச் சேதத்துக்குத் தராது. முழுக் காப்புறுதியிலும், வண்டியின் வேறு பகுதி சேதமாகாமல் டயர் மட்டும் கெட்டால் பெரும்பாலும் தருவதில்லை. கோரிக்கை செய்தால், காருக்கு 55 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும் கழிவையும் இழந்து விடுவோம். சிறு தொகைக்கு அது கட்டுமா என்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

சக்கரத்தை விட உடல் பெரிது. வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வழக்கமான வழியில் வீடு திரும்பும்போதோ குழியில் விழுந்து காயம்பட்டால், 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் உதவி கோரலாம். உடனே மருத்துவரைப் பார்த்து, தோட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். சொக்சோ வண்டிச் சேதத்துக்குத் தராது, காயத்துக்குத் தரும்.

கடைசியாக ஒன்று. ஈடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், குழியைப் பற்றிப் புகார் செய்துவிடுங்கள். பொதுப்பணி அமைச்சு 2023-இல் தொடங்கிய 'மைஜாலான்' செயலியில் கைத்தொலைபேசி வழியாகவே படத்தோடு அனுப்பலாம். காருக்கு ரிம் போகிற அதே குழி, விடியற்காலை இருட்டில் பால்வெட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு உயிரையே பறிக்கக் கூடும். நாம் அனுப்பும் புகாரால் அந்தக் குழி மூடப்பட்டால், முகம் தெரியாத ஒருவர் அன்று மாலை பத்திரமாக வீடு திரும்புவார். மூடப்படாமல் கிடந்தால், அடுத்து விழுகிறவர் ஈடு கேட்கும்போது நம் புகாரே அவருக்குச் சான்றாக நிற்கும்.