தபசு காலமும் அயல்மாநிலத் தமிழரும்

ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புத் திருநாளுக்கு முன் கிறிஸ்தவப் பெருமக்கள் கடைப்பிடிக்கும் நோன்புக் காலத்துக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. கத்தோலிக்கர் முன்னாளில் அதனைத் தபசு காலம் என்றனர். இந்நாளில் தவக்காலம் என்கின்றனர். சீர்திருத்த சபையினர் லெந்து நாட்கள் என வழங்குவர். பிழைப்பை நாடி அயல்மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மிடையே இந்நோன்பை நோற்பவரும் உளர். நோற்பவர்க்கு அண்டை வீட்டாராகவும் உடன் பணிபுரிவோராகவும் இருப்பவரும் உளர். இரு சாராரும் அறியத்தக்க சில செய்திகளை இங்கே எடுத்துரைப்போம்.

முதலில் நாட்கணக்கைக் காண்போம். திருச்சபையின் கணக்குப்படி, மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றிலும் அமையக்கூடும். அந்நாளிலிருந்து 46 நாட்கள் பின்னோக்கிச் சென்றால் சாம்பல் புதன் வரும். 2026ஆம் ஆண்டில் சாம்பல் புதன் பிப்ரவரி 18. ஈஸ்டர் ஏப்ரல் 5. நோன்பு நாற்பது நாள் என்கிறோமே, கணக்கு 46 ஆகிறதே என்று ஐயுறலாம். ஞாயிறு உயிர்ப்பின் நினைவு நாள் ஆதலால், இடைப்பட்ட ஆறு ஞாயிறுகளும் நோன்பில் சேரா. எஞ்சியவை நாற்பதே. இயேசுபெருமான் பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்னும் நற்செய்தி வரலாறே இவ்வெண்ணுக்கு அடிப்படை.

சாம்பல் புதனன்று நெற்றியிலோ தலையிலோ பூசப்பெறும் சாம்பல், முந்திய ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்த ஓலைகளை எரித்து எடுத்தது. அன்று வெற்றி முழக்கத்துடன் ஏந்திய ஓலையே இன்று சாம்பலாகி, மனிதனும் மண்ணே என்பதை நினைவூட்டுகிறது. அந்நாளுக்கு விபூதித் திருநாள் என்று நம் முன்னோர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! அன்று முதல் ஆலயத்தில் ஊதா நிறமே மேலோங்கும். அல்லேலூயாப் பாடல் நின்றுவிடும். வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும்.

உணவு விதிகள் இரண்டு. ஒருசந்தி என்பது நாளில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பது. மற்ற வேளைகளில் சிறிதளவே கொள்வது. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. முற்காலத்தில் இவ்விதிகள் மிகக் கடுமையாக இருந்தன. 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவற்றைத் தளர்த்தினார். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இன்று ஒருசந்திக்குரிய நாட்கள். பதினெட்டு வயது நிரம்பியோர் அறுபதாம் வயது தொடங்கும் வரை அதற்குக் கடமைப்பட்டவர்கள். நோயாளிகள், கருவுற்ற தாய்மார், கடின உடலுழைப்பில் ஈடுபட்டோர் ஆகியோர்க்கு விலக்கு அளிப்பது மரபு. கட்டட வேலையிலும் ஆலை உலைக்களத்திலும் நாள் முழுதும் நிற்கும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வெயிலில் மயங்கி விழுவது நோன்பின் நோக்கமன்று. விதிகளை நாட்டிற்கேற்ப வகுத்துக்கொள்ள ஆயர்களுக்கு உரிமை உண்டாதலால், அவரவர் வாழும் பங்கின் அறிவிப்பைக் கேட்டறிவதே நலம்.

வேற்று மாநிலங்களில் வழக்கங்கள் வேறுபடுவதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுடையது ஐம்பது நோன்பு. சாம்பல் புதனுக்கு முந்திய திங்கட்கிழமையே அது தொடங்கிவிடும். இறைச்சியோடு மீன், முட்டை, பால் ஆகியவற்றையும் விலக்குவது அவர்களது பழைய மரபு. மலங்கரைச் சபையினர் அத்திங்களன்று சுப்கோனோ என்னும் வழிபாட்டை நடத்துவர். சிரியாக் மொழியில் அச்சொல்லுக்கு மன்னிப்பு என்பது பொருள். குருவும் மக்களும் ஒருவரையொருவர் மன்னித்து, ஒப்புரவாகி, அதன் பின்னரே நோன்பினுள் புகுவர். பகையோடு பட்டினி கிடப்பதிற் பயனில்லை என்னும் உண்மையை இவ்வழக்கம் தெளிவுறுத்துகிறது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை அவ்வீடுகளில் கொழுக்கட்டை அவிப்பர். பெரிய வியாழன் இரவில் அரிசி மாவும் உளுந்தும் கொண்டு புளிக்காத அப்பம் செய்வர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்த பானத்துடன் குடும்பத் தலைவர் அதனைப் பகிர்ந்தளிப்பார். அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர். கொழுக்கட்டையும் அப்பமும் நமக்கும் உரியவை அல்லவா? கேரளத்தில் வாழும் தமிழர்க்கு அந்த இரவு அயலான இரவாகத் தோன்றாது.

கோவாவிலோ, சாம்பல் புதனுக்கு முந்திய சனி முதல் செவ்வாய் வரை கார்னிவல் என்னும் களியாட்டம் வீதிகளை நிறைக்கும். புதன் விடிந்ததும் ஊர் நோன்பினுள் நுழையும். நாகாலாந்தில் பணிபுரியும் நம்மவர், அங்குக் கிறிஸ்தவர் மிகுந்திருந்தும் தவக்கால ஆரவாரம் காணாது வியக்கலாம். அங்குப் பெரும்பான்மையோர் பாப்திஸ்து சபையினர். இக்காலத்தை விதியாக அனுசரிப்பது அச்சபையின் மரபன்று. இதனைப் பக்திக் குறைவு எனக் கருதுதல் தவறு.

இனி, அயல்மாநிலத் தமிழர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னர், இலத்தீன் வழிபாட்டு முறையைச் சார்ந்த ஆலயங்களில் திருப்பலி இலத்தீனிலேயே நடைபெற்றது. திருச்சியிலிருந்து பம்பாய் சென்றவர்க்கும் வழிபாடு ஒன்றே. பிரசங்கம் மட்டுமே புரியாது. 1962 முதல் 1965 வரை கூடிய அச்சங்கத்துக்குப் பின் அந்தந்த மக்களின் மொழி ஆலயத்துள் வந்தது. அது பெரும் பேறு. ஆயினும் மராத்தியோ கொங்கணியோ இந்தியோ அறியாத தமிழ்த் தாய், பிறர் மன்றாடும்போது வாய் திறவாது நிற்க நேர்ந்ததும் அதன் விளைவே. தமிழ்த் திருப்பலி நடைபெறும் நகரங்கள் உண்டு. அவ்வசதி இல்லாத ஊர்களே மிகுதி.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சார்ந்த ஆலயங்களில் ஞாயிற்றுக்குரிய வாசகங்கள் எம்மொழியிலும் ஒன்றே. முன்னிரவே அப்பகுதியைத் தமிழ் விவிலியத்தில் குடும்பமாக அமர்ந்து படித்துவிட்டால், மறுநாள் வேற்றுமொழியில் ஒலிக்கும்போதும் பொருள் விளங்கும். பிள்ளைகளைக்கொண்டு உரக்கப் படிக்கச் செய்வது இன்னும் சிறப்பு. பள்ளியில் தமிழ் கல்லாத அவர்கட்கு நாற்பது நாளில் எழுத்தும் கைவரும்; பாட்டன்மாரின் வேண்டுதற்சொற்களும் நாவில் நிலைபெறும். வீட்டில் தமிழ் வழங்கவில்லையெனில், அடுத்த தலைமுறை தமிழில் செபிக்குமென எதிர்பார்த்தல் வீண்.

செபம், நோன்பு, அறம் ஆகிய மூன்றும் இக்காலத்தின் தூண்கள். மூன்றாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இறைச்சியை விலக்கியதால் மிஞ்சிய காசு பணப்பைக்கே திரும்புமாயின், அது சிக்கனமேயன்றி நோன்பாகாது. அக்காசு ஒரு பசித்தவனிடம் சேர்ந்தாக வேண்டும். அவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டுமா? நாம் வந்து குடியேறிய ஊரில், நமக்கு முன்னரே வறுமையில் உழல்வோர் உளர். அவர்க்கு ஒருவேளைச் சோறிடுவது அவ்வூருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனுமாகும்.

நோன்பு நோலாத அன்பர்கட்கும் ஒரு சொல். இக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் திருமணம் நடத்துவதில்லை, விருந்துகளையும் தவிர்ப்பர். அழைத்தும் வரவில்லையே என வருந்தற்க. பெரிய வெள்ளியன்று உடன் பணிபுரியும் நண்பர் பிற்பகல் வழிபாட்டுக்குச் செல்ல விழைந்தால், அவரது வேலை நேரத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாம். பொங்கலன்றோ தீபாவளியன்றோ அவர் அவ்வுதவியைத் திருப்பிச் செய்வார். தொலைவில் வாழும் தமிழர்க்கு இத்தகைய சிறு உதவிகளே உறவை வளர்ப்பவை.