பேய் ஓட்டலும் டெலிவிஷனும்

1974-ம் ஆண்டு. அமெரிக்காவில், கொலராடோ மலை ஓட்டல் ஒன்றில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் மனைவியோடு தங்கினார். பனிக்காலத்துக்காக ஓட்டலை மூடும் சமயம். ஈ காக்கை இல்லை! அங்கே பிறந்ததுதான் 'தி ஷைனிங்' நாவல். ஓட்டலைக் காக்க வந்தவன், பேய்களின் பிடியில் சிக்கி, பெற்ற மகனையே கொல்லத் துரத்துகிறான்.

1980-ல் ஸ்டான்லி கூப்ரிக் இதைப் படமாக்கினார். கிங்குக்குப் பிடிக்கவில்லை. குடியை விட்டுத் திருந்தப் போராடும் தகப்பனை, தொடக்கத்திலேயே பித்தனாகக் காட்டிவிட்டார்களே என்று குறைப்பட்டார்.

1997-ல் அவரே கதை வசனம் எழுதினார். அதே ஓட்டலில் படம் பிடித்து, 3 இரவுகள் டெலிவிஷனில் காட்டினார்கள். தகப்பனின் பாசம் திரும்பி வந்தது என்று நாவல் ரசிகர்கள் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் மிருக வடிவில் வெட்டிய செடிகள் உயிர் பெற்று நகர்ந்தபோது, பலர் சிரித்துவிட்டார்கள்! நாவலில் நடுங்க வைத்த அதே செடிகள்தான்.

கூப்ரிக் அந்தச் செடிகளைத் தொடவே இல்லை. கெட்டிக்காரர்!