பயிரைக் காக்கும் பாக்டீரியா

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ளது சாலைக் கடைத்தெரு. அண்டை மாநிலமாகிய தமிழ்நாட்டிலிருந்தும் இங்குக் காய்கறிகள் வருகின்றன. புழு அரிக்காத முட்டைக்கோசையே மக்கள் விரும்புகின்றனர். ஆனால் அதன்மேல் தெளித்த நஞ்சு எஞ்சியிருக்குமோ என்றும் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் வீணானதன்று. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்னும் மருந்து ஆகாயத்திலிருந்து தெளிக்கப்பட்டது. அவ்வட்டார மக்களிடையே கண்ட கொடிய நோய்களுக்கு இதுவே காரணம் எனக் குற்றம் சாட்டப்பட்டது. 2011இல் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்தைத் தடை செய்தது.

புழுவைக் கொன்று, உண்பவரை வருத்தாத பொருள் உண்டா? மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவே இதற்கு விடையாகும். 1901இல் ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாடா, நோயுற்ற பட்டுப்புழுக்களில் அதைக் கண்டார். பின்னர் ஜெர்மனியில் பெர்லினர், துரிங்கியா மாநிலத்து மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் அதைக் கண்டு, 'பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ்' எனப் பெயரிட்டார்.

இந்த பாக்டீரியா வித்தாக மாறும்பொழுது, தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. இலையோடு அதைத் தின்னும் புழுவின் குடலில் காரத்தன்மை மிகுதி. அதில் படிகம் கரைந்து, நஞ்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. புழு சில மணி நேரத்தில் உண்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களில் மடிகிறது. மனிதனின் இரைப்பையில் இருப்பதோ அமிலம். இந்நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. ஆகவே நமக்குத் தீங்கில்லை.

எனினும் இதன் எல்லைகளை விவசாயிகள் அறிதல் வேண்டும். மேலே பட்டால் மட்டும் புழு சாகாது, தின்றாக வேண்டும். ஆதலின் கத்தரிக்காயின் உள்ளே புகுந்துவிட்ட புழுவை இது எட்டாது. வெயிலில் இதன் வீரியம் விரைவில் குன்றும். எனவே மாலையில், புழுக்கள் இளையனவாக இருக்கும்பொழுதே, இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளித்தல் நலம். மறுநாள் புழு உயிரோடிருப்பதைக் கண்டு, மருந்து பயனற்றதென முடிவு கட்டலாகாது. புழுக்களுக்கான இவ்வகை, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டினிடம் செல்லாது. பட்டுப்புழுவையோ இது கொல்லும். ஆதலின் மல்பெரித் தோட்டங்களின் அருகே தெளித்தல் கூடாது.

இதையே இடைவிடாது தெளிப்பதும் தவறாகும். ஹவாய்த் தீவுகளில் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி இதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது 1990இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. பிற முறைகளுடன் மாற்றி மாற்றி அளவறிந்து உபயோகித்தால், இந்நுண்ணுயிர் உழவனுக்கு நெடுங்காலம் துணை நிற்கும்.