கெய்ரோ கண்ட ஆர்மீனிய ஒளிப்படக்கூடம்

உதுமானியப் பேரரசில் ஒளிப்படக் கலையை வளர்த்தோருள் ஆர்மீனியர் முதன்மையானோர் ஆவர். இஸ்தன்புல் நகரின் அப்துல்லாஹ் சகோதரர்கள் என்னும் ஆர்மீனியர் 1863இல் சுல்தான் அப்துல் அஸீஸின் அரசவைப் புகைப்படக் கலைஞராயினர்; 1886இல் கெய்ரோவிலும் கிளை கண்டனர். 1915இல் தொடங்கிய படுகொலைகளாலும் நாடுகடத்தலாலும் தாயகம் இழந்து, அரபு நாடுகளில் புகலடைந்த ஆர்மீனியர் பலருக்கும் இத்தொழில் வாழ்வளித்தது.

அம்மரபில் வந்தவரே வான் லியோ. லெவோன் போயாஜியான் என்பது இவரது இயற்பெயர். 1921இல் துருக்கியின் ஜெய்ஹான் என்னும் ஊரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் எகிப்துக்கு வந்தார். 1941இல் அண்ணன் ஆஞ்சலோவுடன் சேர்ந்து, கெய்ரோவில் குடியிருந்த வீட்டிலேயே ஸ்டூடியோ தொடங்கினார். உலகப் போர்க்காலமாதலின் படைவீரரும் நாடகக் கலைஞரும் நகரில் நிறைந்திருந்தனர், தொழிலும் தழைத்தது. 1947இல் வான் லியோ தனியே ஸ்டூடியோ அமைத்தார்.

முகத்தின் தோற்றத்தை மட்டுமன்றி அதன் இயல்பையும் காட்ட வேண்டும் என்பதே இவர் கொள்கை. அதற்கு இவர் கையாண்ட கருவி விளக்கொளி. எங்கே ஒளி விழ வேண்டும், எங்கே நிழல் தங்க வேண்டும் என்று தேர்ந்தறிவதற்காகத் தம்மையே பல்வேறு வேடங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்துப் பயின்றார்.

அப்பயிற்சியின் பயனை 1950இல் இவர் எடுத்த தாஹா ஹுசைனின் படத்தில் நாம் காண்கிறோம். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தும், கல்வியால் உயர்ந்து, அவ்வாண்டில் எகிப்தின் கல்வி அமைச்சரான பேரறிஞர் அவர். கறுப்புக் கண்ணாடி அணிந்த அம்முகத்தை இருளினின்று ஒளி மீட்டெடுக்கிறது. விழிகள் பேசாத முகத்தில் சிந்தனையைப் பேச வைத்தது கலைஞரின் திறன். தாம் ஒருநாளும் காண இயலாத படத்துக்காக ஓர் அறிஞர் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணுங்கால், கலைஞரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது நமக்குப் புலனாகும்.

பின்னாளில் வண்ணப்படமும் விரைவும் மலிவும் மக்களைக் கவர்ந்தன. வான் லியோவோ கறுப்பு வெள்ளையே தம் கலைக்கு உரியது என்று கருதினார். 1998இல் தம் படத்தொகுப்பைக் கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 2000இல் நெதர்லாந்தின் இளவரசர் கிளாஸ் விருது இவரைத் தேடி வந்தது. 2002இல் மறைந்தார்.

கடைவீதியில் நடந்த ஒரு தொழில், பல்கலைக்கழகம் பேணும் வரலாற்றுச் செல்வமாயிற்று. ஏதிலியாய் வந்த குடும்பத்தின் மகன், புகலிடம் தந்த நகருக்கு அதன் முகங்களையே காணிக்கையாக்கிச் சென்றார். நன்றியுணர்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?