பீரோ சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பூட்டியிருந்த வீட்டுக் கதவை உடைத்து உள்ளே புகுந்த மர்ம நபர்கள், பீரோவில் இருந்த நகைகளைக் கொள்ளையடித்துச் சென்றனர். ஊர்ப் பெயரும் பவுன் கணக்கும் மாறுமே தவிர, நாளிதழில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. பீரோ மட்டும் மாறுவதே இல்லை.

நம் குடும்பங்களின் நகையும் ரொக்கமும் படுக்கையறை பீரோவில்தான் இருக்கும் என்பதைத் திருடனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாவியும் தூரத்தில் இருக்காது. பீரோ மேல் விரித்த செய்தித்தாளுக்கு அடியில், புடவை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால் என்று நாலைந்து இடங்களைத் துழாவினால் கைக்கு வந்துவிடும். உள் லாக்கரின் சாவியும் அதே வளையத்தில் தொங்கும். சாவியே கிடைக்காவிட்டாலும், அந்த மெல்லிய தகட்டுக் கதவை நெம்ப ஒரு இரும்புக் கம்பி போதும். பீரோ துணிமணி வைக்கச் செய்த அலமாரி. தலைமுறைச் சேமிப்பைக் காக்கும் பலம் அதற்குக் கிடையாது.

வாசலுக்கு வருவோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு உறுதிக்குப் பேர் போனது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டை வாங்கினாலும், அது தொங்கும் நாதாங்கியை யாரும் பார்ப்பதில்லை. சின்னச் சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் நாதாங்கியை நெம்பினால் பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போட்டு, உட்புறம் நட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கு அரை நாள் வேலைகூட இல்லை. முன்கதவுக்குத் தேக்கு போட்ட வீட்டிலும் மொட்டை மாடிக் கதவு பெரும்பாலும் ப்ளைவுட்தான். அதையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

ஆள் இல்லாத வீடு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கோலம் இல்லாத வாசல், கேட்டில் செருகிய பேப்பர்கள், பட்டப்பகலில் எரியும் விளக்கு. ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் வீட்டைப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய காவல் பக்கத்து வீட்டுக்காரர். பேப்பரை எடுத்து வைக்கவும் வாசல் தெளிக்கவும் அவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கொடைக்கானல் படங்களை ஊர் திரும்பிய பிறகு ஸ்டேட்டஸில் போடலாம். சி.சி.டி.வி. இருக்கிறதே என்பவர்கள், பதிவாகும் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டி.வி.க்குக் கீழே இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

அன்றாடம் அணியாத நகைக்கு வங்கி லாக்கர்தான் சரியான இடம். அதற்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது சில பவுனுக்குத்தான் காணும். காப்பீடு எடுப்பவர்கள் ‘வலிந்து நுழைதல்’ என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கதவையோ பூட்டையோ உடைத்த அடையாளம் இல்லாத திருட்டு, இந்த நிபந்தனை உள்ள பாலிசியில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போன சாவியால் திறந்து திருடியிருந்தால் இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

இத்தனையையும்விட நான் முக்கியமாக நினைப்பது ஒரு நோட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா நகையையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எடையையும் எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் எழுதுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. என்ற அடையாள எண் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் நகையின் தரமும் ஹால்மார்க் பெற்ற நகை வணிகரின் விவரமும் வரும். பாட்டி கொடுத்த அட்டிகைக்கு எண் இருக்காது, படமும் எடையும்தான் சாட்சி. பில்லோடு நோட்டின் ஒரு நகலை வேறு வீட்டில் வையுங்கள்.

இந்த நோட்டு இல்லாத வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் முதல் பார்வை வீட்டு வேலை செய்யும் அம்மா மேல்தான் விழும். கடைசியாக எப்போது போட்டோம், கல்யாணத்துக்குப் போன இடத்தில் கழற்றினோமா, தங்கச்சிக்குக் கொடுத்தோமா, எதுவும் நினைவில் இருக்காது. அவர் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். மறுவாரம் மோதிரம் ஹேண்ட்பேக் ஓரத்தில் கிடைக்கும். அந்த அம்மாவுக்குப் போன வேலையும் போன பெயரும் திரும்பக் கிடைக்காது. நம் நகையைக் காப்பதில் இன்னொருவர் மானத்தைக் காப்பதும் சேர்ந்தே இருக்கிறது.

திருட்டு நடந்தே விட்டால் உடனே எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். கலைந்த துணியிலும் பீரோ கைப்பிடியிலும்தான் தடயம் இருக்கும். போலீஸ் வரும்வரை அறைக்குள் யாரும் போக வேண்டாம். புகாரோடு நோட்டின் நகலைக் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, இடைக்காலமாக நகையைத் திரும்பப் பெறலாம். அது உங்களுடையதுதான் என்று அங்கே காட்ட வேண்டியிருக்கும்; படமும் பில்லும் எடைக் குறிப்பும் வேலைக்கு வருவது அப்போதுதான்.