பைக் கிளவுஸ் வாங்கப் போறீங்களா? 'கான்ட்லெட்' யாருக்குத் தேவை, லேபிளில் எதைப் பார்க்கணும்?

ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நமக்குப் பழகிவிட்டது. ஆனால் கிளவுஸ் விஷயத்தில் 'வெயில்ல கை கறுக்காம இருந்தா போதும்' என்பதுதான் பலருடைய கணக்கு. கலர் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

பைக்கில் இருந்து விழும்போது என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூளை யோசிப்பதற்கு முன்பே கைகள் தரையை நோக்கி நீண்டுவிடும். இதை யாராலும் தடுக்க முடியாது. அதாவது, சாலையை முதலில் தொடுவது பெரும்பாலும் உங்கள் உள்ளங்கைதான். நாள் முழுக்க கீபோர்டில் வேலை செய்யும் ஒருவருக்கு அந்தக் கை இரண்டு மாதம் மாவுக்கட்டில் இருந்தால் என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, பைக் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்குகிறது. ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் 1 முதல் கட்டாயம். கிளவுஸ் அணியச் சொல்லி அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. அதனால் 'ரைடிங் கிளவுஸ்' என்ற பெயரில் வெறும் துணியும் விற்கலாம், உண்மையான பாதுகாப்புக் கையுறையும் விற்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வாங்குகிற உங்கள் பொறுப்பு.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த சுமார் 1.68 லட்சம் பேரில் 44 சதவீதத்துக்கும் அதிகமானோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. உயிரைக் காப்பதில் ஹெல்மெட்டுக்கு மாற்று கிடையாது. கிளவுஸின் வேலை வேறு. பிழைத்து எழுந்த பிறகு, நாளைக்கு சட்டை பட்டன் போட, சாப்பிட, வேலை பார்க்க உங்கள் கை இருக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது.

கான்ட்லெட் என்றால் என்ன?

கிளவுஸில் இரண்டு வகை உண்டு. மணிக்கட்டோடு முடிந்துவிடுவது ஷார்ட் கிளவுஸ். மணிக்கட்டைத் தாண்டி, ஜாக்கெட் கையின் மேல் ஏறி, முன்கையையும் கொஞ்சம் மூடுவது கான்ட்லெட்.

இந்தக் கூடுதல் நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. கீழே விழுந்து சறுக்கும்போது ஜாக்கெட்டின் கை மேலே ஏறும். ஷார்ட் கிளவுஸ் போட்டிருந்தால் கிளவுஸுக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையில் தோல் வெளியே தெரியும். மணிக்கட்டில் சதை குறைவு, நரம்பும் எலும்பும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. கான்ட்லெட் அந்த இடைவெளியை மூடுகிறது. அதில் பொதுவாக இரண்டு ஸ்ட்ராப் இருக்கும், ஒன்று மணிக்கட்டில், இன்னொன்று கஃப் பகுதியில். அதனால் கிளவுஸ் கழன்று போவதும் கடினம்.

உள்ளங்கையில் அந்த பிளாஸ்டிக் துண்டு எதற்கு?

நல்ல ரைடிங் கிளவுஸில் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கெட்டியான வழவழப்பான ஒரு துண்டு இருக்கும். இதற்கு 'பாம் ஸ்லைடர்' என்று பெயர். பார்க்க அலங்காரம் மாதிரி தெரியும். ஆனால் கிளவுஸிலேயே முக்கியமான பாகங்களில் ஒன்று இது.

உள்ளங்கை தாரில் ஊன்றும்போது தோலோ ரப்பரோ சாலையைப் பிடித்துக்கொள்ளும். கை அங்கேயே நிற்கும், உடம்பு முன்னால் போகும். இடையில் மாட்டிக்கொள்வது மணிக்கட்டு. ஸ்லைடர் இருந்தால் கை சாலையைப் பிடிக்காமல் வழுக்கிச் செல்லும், மணிக்கட்டில் ஏறும் விசை குறையும்.

இப்படிக் கையை ஊன்றி விழும்போது அடிக்கடி உடைவது 'ஸ்காஃபாய்ட்' என்ற எலும்பு. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குள் முந்திரிப் பருப்பு அளவில் இருக்கும். அதன் பெரும்பகுதிக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் தடைபடலாம். அதனால் கூடுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும், சில நேரம் கூடாமலேயே போகும். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. விழுந்த பிறகு கட்டைவிரல் அடியில் வலி நீடித்தால் 'சுளுக்குதான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேபிளில் எதைத் தேட வேண்டும்?

பைக் கிளவுஸுக்கு என்றே ஐரோப்பாவில் ஒரு தரநிலை இருக்கிறது: இஎன் 13594. அதன் 2015 பதிப்பின்படி பரிசோதித்த கிளவுஸின் உள்பக்க லேபிளில் பைக் ஓட்டும் மனிதரின் சின்னம் இருக்கும். அதன் அருகே 1 அல்லது 2 என்ற எண் இருக்கும். அதுதான் பாதுகாப்பு நிலை.

நிலை 1: உள்ளங்கைப் பகுதி உராய்வுச் சோதனையில் குறைந்தது 4 விநாடி தாங்க வேண்டும். கஃப், மணிக்கட்டுக்கு மேல் 15 மில்லிமீட்டராவது நீள வேண்டும்.

நிலை 2: உராய்வுச் சோதனையில் 8 விநாடி தாங்க வேண்டும். கஃப் 50 மில்லிமீட்டராவது நீள வேண்டும். அதாவது நிலை 2 கிளவுஸ் கான்ட்லெட்டாகத்தான் இருக்கும்.

இந்த 4, 8 விநாடிகள் ஆய்வகத்தில் ஓடும் உராய்வுப் பட்டையில் எடுக்கும் அளவு. 'சாலையில் 8 விநாடி சறுக்கலாம்' என்று அர்த்தம் இல்லை. ஒரு கிளவுஸை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே இது உதவும்.

எண்ணோடு 'கேபி' என்ற எழுத்துகள் இருந்தால், விரல் முட்டிகளுக்கான பாதுகாப்பும் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நிலை 2-ல் இது கட்டாயம், நிலை 1-ல் கட்டாயம் இல்லை. எனவே நிலை 1 வாங்கினால் '1 கேபி' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே ஏமாறுகிறோம்?

மூன்று இடங்களில்.

'சிஇ ஆர்மர்' என்ற வாசகம் முதலாவது. முட்டி மேல் ஒட்டிய பாதுகாப்புத் துண்டுக்கு மட்டும் சான்று இருக்கலாம். தையல், உள்ளங்கை, ஸ்ட்ராப் எதையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். முழு கிளவுஸுக்கும் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது இஎன் 388. இது தொழிற்சாலைக் கையுறைகளுக்கான தரநிலை, சுத்தியல் சின்னம் இருக்கும். மெஷின் ஷாப்புக்கு நல்லது. பைக் விபத்துக்கான சோதனை அதில் இல்லை.

மூன்றாவது, எண்ணும் தரநிலையும் இல்லாமல் வெறும் 'சிஇ' எழுத்து. உண்மையாகச் சான்று பெற்ற தயாரிப்போடு 'டிக்ளரேஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி' என்ற ஆவணம் வரும், அல்லது அதைப் படிக்க இணைய முகவரி தரப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இதெல்லாம் அளவுக்கு மீறிய கவனம் என்று தோன்றுகிறதா? ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியில் 2008-09-ல் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிளவுஸ் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், விபத்தைச் சந்தித்த கிளவுஸ்களில் சுமார் நான்கில் ஒன்று கிழிந்தோ பிரிந்தோ தோற்றுப்போயிருந்தது. கிளவுஸ் போடுவது எவ்வளவு முக்கியமோ, எந்தக் கிளவுஸ் என்பதும் அவ்வளவு முக்கியம்.

கடையில் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

அளவு: கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிராண்டுக்கு பிராண்ட் அளவு மாறும், எனவே அந்த நிறுவனத்தின் சைஸ் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். விரல் நுனியில் சின்ன இடைவெளி போதும். தொளதொளவென்று இருந்தால் விழும்போது கிளவுஸ் சுழன்று, ஸ்லைடர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. தோல் கிளவுஸ் போடப் போட கொஞ்சம் தளரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இழுத்துப் பாருங்கள்: மணிக்கட்டு ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நண்பரை இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், விழும்போது கையில் இல்லாத கிளவுஸால் பயன் இல்லை.

பிடித்துப் பாருங்கள்: முடிந்தால் உங்கள் பைக் ஹேண்டிலைப் பிடித்தே பாருங்கள். பிரேக், கிளட்ச், இண்டிகேட்டர் எல்லாம் தடங்கல் இல்லாமல் இயங்க வேண்டும். உள்ளங்கையில் துணி மடிந்து உறுத்தினால், நூறு கிலோமீட்டரில் அது கொப்புளமாகும்.

தையலையும் சுண்டு விரலையும் கவனியுங்கள்: உள்ளங்கையில் இரட்டைத் தையல் இருப்பது நல்லது. சில கிளவுஸ்களில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் ஒரு சிறு தோல் பட்டை இணைக்கும். சறுக்கும்போது சுண்டு விரல் தனியாக இழுபட்டு முறியாமல் இருக்கத்தான் அது.

நம்ம ஊர் வெயிலுக்கு கான்ட்லெட் தாங்குமா?

நியாயமான கேள்வி. சென்னையின் மே மாதத்தில் முழுத் தோல் கான்ட்லெட் போட்டு சிக்னலில் நிற்பது எளிதல்ல. வியர்வையில் கிளவுஸைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டால் அதைவிட மோசம்.

தினசரி ஆபீஸ் பயணம்தான் அதிகம் என்றால், மேல்பக்கம் மெஷ்ஷும் உள்ளங்கையில் தோலும் உள்ள '1 கேபி' ஷார்ட் கிளவுஸ் போதுமானது. நெடுஞ்சாலை, வார இறுதி நீண்ட பயணம், டிராக் என்றால் கான்ட்லெட்டுக்குப் போங்கள். காற்றோட்டத் துளைகள் உள்ள கோடைக்கால கான்ட்லெட்டுகளும் கிடைக்கின்றன. லடாக் மாதிரி குளிர்ப் பகுதிக்கு கான்ட்லெட் இன்னொரு வகையிலும் உதவும்: ஜாக்கெட் கைக்குள் குளிர்காற்று புகாது. விறைத்துப்போன விரல்களால் சரியான நேரத்தில் பிரேக் பிடிக்க முடியாது.

மழைக்கு, உள்ளே நீர் புகாத மெம்ப்ரேன் உள்ள வகை உண்டு. அதே அடுக்கு வெயிலில் சூட்டையும் பிடித்து வைக்கும். ஈரக் கையை வெளியே எடுக்கும்போது உள் துணி சேர்ந்து உருவி வராத மாதிரி பார்த்து வாங்குங்கள். சாதாரண நாளில் கான்ட்லெட் ஜாக்கெட் கையின் மேல் இருக்கட்டும். மழையில் ரெயின்கோட் கை அதற்கு மேல் வரட்டும், இல்லையென்றால் தண்ணீர் நேராக கிளவுஸுக்குள் இறங்கிவிடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஒருமுறை பலமாக விழுந்த கிளவுஸை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். தையல் பிரிந்தாலோ, உள்ளங்கை மெலிந்தாலோ, வெல்க்ரோ பிடிக்காமல் போனாலோ அதன் ஆயுள் முடிந்தது. நனைந்த தோல் கிளவுஸை நேர் வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள்.

சரி, பட்ஜெட் குறைவு. எதற்கு முன்னுரிமை?

முதலில் கழன்று வராத ஸ்ட்ராப். அடுத்து தோல் உள்ளங்கையும் ஸ்லைடரும். அப்புறம் முட்டிப் பாதுகாப்பு. கார்பன் ஃபைபர் தோற்றம், டச் ஸ்கிரீன் விரல் நுனி எல்லாம் கடைசியில்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இயங்கும் 'மோட்டோகேப்' என்ற திட்டம் கிளவுஸ்களைக் கடையில் வாங்கிச் சோதித்து மதிப்பெண்களை இலவசமாக வெளியிடுகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் சர்வதேச பிராண்ட் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வாங்கியதை பால் பாக்கெட் வாங்க தெருமுனைக்குப் போகும்போதும் போடுங்கள். கீழே விழுவதற்கு நெடுஞ்சாலை தேவையில்லை, ஒரு பிடி மணல் போதும்.