ஆட்டத்துக்கு விதி எழுதியவர்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள சக்குபள்ளம், ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூர். தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு மிக அணித்தே உள்ளது. அத்தகைய ஊரில், தோட்ட லயம் ஒன்றில், கம்பத்துக் குடும்பமும் திருநெல்வேலிக் குடும்பமும் அடுத்தடுத்துக் குடியிருப்பதாகக் கொள்வோம். மழைநாளில் இரு வீட்டுச் சிறுமியரும் பல்லாங்குழி ஆட அமர்கின்றனர். குழிக்கு ஐந்து முத்து என்கிறாள் ஒருத்தி. ஆறு என்கிறாள் மற்றவள். பாட்டியைக் கேட்கலாமெனில், அவர் ஊரிலேயே தங்கிவிட்டார்.

இத்தகைய ஐயங்களுக்கு விடை தேடுவதையே தொழிலாக ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த திருமதி வினிதா சித்தார்த்தா. 2002-ஆம் ஆண்டில் ‘கிரீடா’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், தாயம், பரமபதம் முதலியவற்றைக் கடைகளில் கிடைக்கச் செய்தார். கிரீடா என்னும் வடசொல்லுக்கு விளையாட்டு என்பதே பொருள்.

இத்தொழிலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தரையில் கரிக்கோடு கிழித்து, உரசிய புளியங்கொட்டையை உருட்டிக் காசு செலவின்றி ஆடிய ஆட்டத்தை விலை கொடுத்து வாங்குவோர் யார்? எம் கருத்து யாதெனில், அவர் விற்றவற்றுள் மதிப்பு மிக்கது பலகையன்று. அதனுடன் வைத்த விதித்தாளே.

மேனாட்டு நிலையை நோக்கினால் இது விளங்கும். நம் நாட்டுப் பச்சிசி ஆட்டம் கடல் கடந்து சென்று, 1896-இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என உரிமைப்பதிவு பெற்றது. லூடோ என்பது ‘யான் ஆடுகிறேன்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மொழிபெயர்ப்பாளராகிய எமக்கு இத்தகைய பெயர்களில் சற்று ஈடுபாடு மிகுதி. பரமபத வகை ஆட்டமும் அங்ஙனமே சென்றது. அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943-இல் பாம்புகளை நீக்கிச் சறுக்குப் பாதைகளை அமைத்தது. கப்பலேறிச் சென்ற ஆட்டங்கள் அச்சிட்ட விதிகளுடன் பெட்டியில் அடைபட்டு நம்மிடமே விலைக்கு வந்தன. நம் ஆட்டங்களின் விதிகளோ வாய்மொழியாகவே இருந்தன. குடும்பம் பெயர்ந்தால் பலகையை உடன் கொண்டு செல்லலாம்; விதியோ சொல்பவரோடு ஊரில் நின்றுவிடும்.

ஆயின், ஒரு விதியை அச்சேற்றினால் மற்றை ஊர் விதிகள் பிழையெனத் தோன்றிவிடும் அபாயமும் உண்டு. பெட்டியிலுள்ளதே சரியென்று குழந்தை பாட்டியைத் திருத்தப் புகுந்தால், காத்தது எதனை? ஆகவே விதித்தாளை ஒரு தொடக்கமாகக் கொண்டு, தத்தம் வீட்டு வழக்கையும் அதன் ஓரத்தில் எழுதிவைப்பது நன்று.

திருமதி வினிதா பிற்காலத்தில் நூலாசிரியராகவும் ஆனார். ‘ஜஸ்ட் ப்ளே’ என்னும் அவரது ஆங்கில நூல், மரபு விளையாட்டுகள் வாழ்க்கைக்குத் தரும் பாடங்களைப் பற்றியது. பாடம் இருக்கட்டும், ஆடுவதில் உள்ள மகிழ்ச்சியே போதுமெனக் கருதுவோர் கட்சியில் நாமும் உண்டு.

பலகை வாங்க இயலாதோர் ஆடு புலி ஆட்டத்தைக் கரித்துண்டு கொண்டே தொடங்கலாம். கூம்பு வடிவக் கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாண்டி ஆட்டை வெட்டும். ஆடுகள் புலிகளை அசையவொட்டாமல் மடக்க வேண்டும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குதல் வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரலாகாது. அவசரக்காரச் சிறுவர்களுக்கு இவ்விதியே மிகக் கடினமானது.